எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே சட்டம்

(கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதித் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊதியம் பற்றிய 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று. தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் பணிச்சூழலும் ஆகியவை பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புகள் மூன்று. இவற்றுக்கு இடம் தருவதற்காக 29 சட்டங்கள் விலக்கப்பட்டன. அந்த 29இல் ஒன்று, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். நாட்டின் பிற பகுதிகளில் அதன் பெயரைக்கூடப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, நெல்லியாம்பதி மலைகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம்தான் தலைக்கு மேல் கூரையையும், நோய்க்கு மருந்தையும், கொழுந்து கிள்ளப் போகும் தாயின் கைக்குழந்தைக்குக் காப்பகத்தையும் உரிமையாக்கியது.

காலனிய காலத்தையும் விடுதலையின் தொடக்க ஆண்டுகளையும் சேர்ந்த பழஞ்சட்டங்களை நீக்கிவிட்டுப் புதிய காலத்துக்கு ஏற்ற சட்டங்களைக் கொண்டுவந்ததாக ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தை வெள்ளைக்காரன் இயற்றவில்லை. குடியரசாகி ஓராண்டு கழிந்தபின் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. பழையது என்பதே ஒரு சட்டத்தை நீக்கப் போதிய காரணம் என்றால், நம் அரசமைப்புச் சட்டமும் அதே காலத்தில் பிறந்ததுதான். ஆகவே, ஒரு சட்டத்தின் வயதைவிட அது யாருக்குக் கடமை விதித்தது, யாருக்கு உரிமை தந்தது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

இன்று நான் பேச விரும்புவது ஒரே செய்தியைத்தான். இந்த எல்லைப் பகுதியில் மாநிலம் மாறுகிறது, மொழி மாறுகிறது, பேருந்தின் நிறம் மாறுகிறது. ஆனால் தொழிலாளியின் கழுத்தை நெரிக்கும் சட்டம் எல்லையின் இருபுறமும் ஒன்றாகவே இருக்கிறது. அதை எதிர்க்கும் அமைப்பும் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அந்தச் செய்தி.

கடமை சலுகையான கதை

1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அதன்பின் அந்தக் காடு தோட்டமாயிற்று. காட்டை அழித்து, பாதை வெட்டி, செடி நட்ட கைகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறி வந்த தமிழ் உழைப்பாளிகளின் கைகள். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊரில் நிலமற்றவர்கள் வந்த ஊரிலும் நிலமற்றவர்களாகவே இருந்தார்கள். இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். நான்கு, ஐந்து தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் ஒரு சென்ட் பட்டா நிலம் இல்லை. வேலை இருக்கும்வரை லயம் உண்டு. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்யாவிட்டால் பணிக்கொடை கைக்கு வராது.

நிலமற்றவரின் இந்த நிலையை ஓரளவேனும் ஈடு செய்யத்தான் 1951ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் 15ஆம் பிரிவு, தோட்டத்தில் தங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் தேவையான வீட்டு வசதி அளித்துப் பராமரிப்பது ஒவ்வொரு முதலாளியின் கடமை என்று சொன்னது. ‘கடமை’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தோட்ட நிர்வாகங்கள் அந்தக் கடமையை ஒழுங்காக நிறைவேற்றின என்று இங்கு யாரும் சொல்லப் போவதில்லை. ஒழுகும் கூரையும், வெடித்த சுவரும், பல வீடுகளுக்கு ஒரு கழிப்பிடமும் நமக்குத் தெரியும். ஆனால் கடமை தவறினான் என்று குற்றம் சாட்டவாவது சட்டத்தில் ஒரு வரி இருந்தது.

புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 92ஆம் பிரிவில் வீடு, குடிநீர், காப்பகம், கல்வி, மருத்துவம் எல்லாம் பட்டியலிடப்பட்டுள்ளன. அதைக் காட்டி, எதுவும் பறிக்கப்படவில்லை என்கிறார்கள். அந்தப் பிரிவு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். இவ்வசதிகளை முதலாளி அளிக்க வேண்டுமென மாநில அரசு விதி வகுக்கலாம் என்றே தொடங்குகிறது. நாடாளுமன்றம் நேரடியாக முதலாளியின் மேல் சுமத்திய கடமை, மாநில அரசு விரும்பினால் விதிக்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. மேலும், இவ்வசதிகளை முதலாளி தன் சொந்தச் செலவில் அளிக்கலாம், அல்லது ஒன்றிய அரசு, மாநில அரசு, நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் திட்டங்கள் வழியாகவும் அளிக்கலாம் என்று வழி திறக்கப்பட்டுள்ளது. இதன் பொருள் என்ன? இலாபம் கம்பெனிக்கு, லயத்தின் ஓடு ஊராட்சிக்கு. ஏழைகளுக்கு ஒதுக்கிய வீட்டுத் திட்டப் பணம் தோட்ட முதலாளியின் பொறுப்பைத் தீர்க்கப் பயன்படும். ஊராட்சியிடம் பணமில்லை என்றால் தொழிலாளி யாரிடம் போய் நிற்பது?

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஆய்வாளரின் பெயர்கூட மாறிவிட்டது. இனி அவர் ஆய்வாளரும் வழிகாட்டுநரும் சேர்ந்த ஒருவர். முதலாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவர் வேலை, முதலாளியைச் சோதிப்பதும் அவர் வேலை. இரண்டில் எது முதலில் நடக்கும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெட்டிமுடிக்குப் பின் 48 நாட்கள்

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலை நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லய வரிசைகள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்துபோன அந்த இரவில் நடந்த துயரம் வெளியுலகுக்குத் தெரியவே விடிய வேண்டியிருந்தது. இறந்தவர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பூர்வீகம். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை போன வீடுகள் உண்டு.

அந்த லயங்களில் அவர்கள் ஏன் இருந்தார்கள்? ஓடையின் கரையில், சரிவின் அடியில் வீடு கட்டிக்கொள்ள அவர்களாக இடம் தேர்ந்தெடுக்கவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது தோட்டம். மேட்டு நிலம் செடிக்கும் பங்களாவுக்கும் போக, மிஞ்சியது தொழிலாளிக்கு. மழை பெய்தது இயற்கை. மழை பெய்தால் மண் சரியக்கூடிய இடத்தில் நூற்றாண்டுக் காலமாக மனிதர்களைக் குடிவைத்தது இயற்கை ஆகாது.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1981இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. முதலாளி தந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது அது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் அன்றும் இன்றும் அதற்குள் ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது. வீடு இடிந்ததற்கு முழுமையாகவும் நேரடியாகவும் இயற்கைப் பேரிடரே காரணம் என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. மலைச்சரிவில் லயம் கட்டியவனைக் காப்பாற்ற இதைவிட வசதியான வரி வேண்டுமா? 29 சட்டங்களைச் சீர்திருத்தியதாகச் சொல்லும் அரசு, பெட்டிமுடிக்குப் பிறகாவது இந்த விலக்கை நீக்கியிருக்கலாம். ஆபத்தான சரிவில் குடியிருப்பு அமைப்பதே குற்றம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். செய்யவில்லை. மண்ணைத் தோண்டி உடல்களைத் தேடிய அந்த இரவிலிருந்து 48ஆம் நாள், 2020 செப்டம்பர் 23 அன்று, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், மாநிலங்களவை இந்த மூன்று தொகுப்புகளையும் நிறைவேற்றி முடித்தது. தோட்டத் தொழிலாளியின் வீட்டைப் பற்றிய சட்டம் மாற்றப்பட்டபோது அந்த அவையில் பெட்டிமுடியின் பெயரைச் சொல்லித் தடுக்க வேண்டியவர்களின் இருக்கைகள் வெறுமையாக இருந்தன. எட்டு உறுப்பினர்கள் அதற்கு முன்பே இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

2015இன் பெண்கள் இன்று என்ன ஆவார்கள்?

தோழர்களே, வீட்டுக்கு அடுத்தது வேலைநிறுத்தம். இதைப் புரிந்துகொள்ள மூணாறின் ஒரு போராட்டமே போதும்.

2005இல் டாட்டா டீ தன் மூணாறுத் தோட்டங்களின் பெரும்பகுதியைக் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனியிடம் விட்டது. தொழிலாளர்களும் அதன் பங்குதாரர்கள் என்றார்கள். பத்தாண்டு கழிந்து 2015இல், முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸைக் கம்பெனி 10 சதவீதமாகக் குறைத்தது. அப்போது அந்தப் ‘பங்குதாரர்கள்’ கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் ஒன்பது நாட்கள் அமர்ந்தார்கள். செப்டம்பர் 13 அன்று 20 சதவீதம் பெற்றுத்தான் எழுந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் நாடு முழுவதும் அறியப்பட்டது. அதன் தொடர்ச்சியாக நடந்த கூலிப் போராட்டத்தில் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாயிற்று.

அந்தப் போராட்டம் கம்பெனியை மட்டும் கேள்வி கேட்கவில்லை. எல்லாத் தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் களத்துக்கு வெளியே நிற்கச் சொன்னது. கொழுந்து கிள்ளுவது பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் அமர்வது ஆண்கள் என்ற நிலையை அந்தப் பெண்கள் நிராகரித்தார்கள். அவர்கள் மதித்து வரவேற்று நடுவில் அமர்த்திக்கொண்ட தலைவர் அன்று 91 வயதான தோழர் வி.எஸ்.அச்சுதானந்தன். உடன்பாடு வரும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. எந்தத் தலைவரைத் தொழிலாளி தன்னவர் என்று கொள்கிறார் என்பதற்கு இதைவிடப் பாடம் தேவையில்லை.

இப்போது அதே போராட்டத்தைத் தொழிலுறவுத் தொகுப்பின் கீழ் வைத்துப் பாருங்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தில், பொதுப்பயன்பாட்டுச் சேவைகளில் மட்டுமே வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயம். தேயிலைத் தோட்டம் அதில் சேராது. புதிய தொகுப்பில் எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் முன்னறிவிப்பு கட்டாயம். அறிவிப்புக் கொடுத்து 14 நாட்களுக்குள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் செய்யக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. இவற்றை மீறினால் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவர் என்று சொல்லப்படுபவருக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை போகும். எந்தச் சங்கமும் அழைக்காமல், எந்த அறிவிப்பும் தராமல், வயிற்றெரிச்சலோடு சாலைக்கு வந்த அந்தப் பெண்கள் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளிகள். 232 ரூபாய்க் கூலிக்காரியிடம் 10,000 ரூபாய் அபராதம் கேட்கும் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று விளக்க வேண்டுமா?

ஆட்குறைப்பு, தற்காலிக வேலை மறுப்பு (லே-ஆஃப்), நிறுவனத்தை மூடுதல் ஆகியவற்றுக்கு அரசின் முன் அனுமதி தேவை என்ற விதி முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலை, சுரங்கம், தோட்டங்களுக்குப் பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்களை முதலாளிகள் கைவிட்டுப் போனதை நாம் பார்த்தோம். கூலி பாக்கி, பணிக்கொடை பாக்கி, இடிந்துவிழும் லயம், இவைதான் அங்கே மிஞ்சின. 100 பேர் என்ற வரம்பு இருந்தபோதே அப்படியென்றால், 300 என்ற வரம்பில் ஒரு நடுத்தரத் தோட்டத்தை மூட முதலாளிக்கு ஒரு பூட்டு போதும்.

178 ரூபாய் என்ற தேசியக் கணக்கு

ஊதியத் தொகுப்பு, நாடு முழுவதற்கும் ஓர் அடித்தள ஊதியத்தை ஒன்றிய அரசு நிர்ணயிக்கும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு அமைத்த நிபுணர் குழுவே நாளொன்றுக்கு 375 ரூபாய் குறைந்தபட்சம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் அறிவித்த அடித்தள ஊதியம் 178 ரூபாய். அதற்கு முன் இருந்தது 176. இரண்டு ரூபாய் உயர்த்தினார்கள்! மூணாறுப் பெண்கள் நான்காண்டு முன்பே போராடிப் பெற்ற 301 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூடுதலாக உள்ள கூலியைக் குறைக்கக் கூடாது என்று தொகுப்பில் விதி இருப்பது உண்மைதான். ஆனால் அடித்தளத்தை அதலபாதாளத்தில் வைத்துவிட்டு, கேரளத்தில் கூலி அதிகம், தமிழ்நாட்டில் கூலி அதிகம், இங்கே தொழில் நடத்த முடியாது என்று முதலாளிகள் பேசுவதற்கு அந்த 178 ரூபாய்தான் ஆயுதமாகும். ஒரு மாநிலத்தின் தொழிலாளியை இன்னொரு மாநிலத்தின் பட்டினியோடு போட்டியிட வைக்கும் கணக்கு இது.

ஜீப்பில் வரும் தொழிலாளி யாருடைய தொழிலாளி?

தேயிலைக்கு லயம் உண்டு. ஏலத்துக்கு ஜீப். விடியற்காலையில் போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகவும் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள் இல்லாவிட்டால் உடும்பன்சோலையிலும் வண்டன்மேட்டிலும் ஏலக்காய் செடியிலேயே அழுகும். அவர்கள் எடுத்த காய் இப்பக்கம் புற்றடியிலும் ஏலம் போகிறது, அப்பக்கம் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. எல்லை தாண்டினாலும் காய்க்கு விலை உண்டு, எடையுண்டு, ரசீது உண்டு. எடுத்த கைக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை.

1979ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், அத்தகைய ஐந்து பேர் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தியது. புதிய தொகுப்பு அதைப் பத்து பேர் என்று உயர்த்திவிட்டது. சிறு சிறு ஏலத் தோட்டங்கள் நிறைந்த இந்த மலையில் இதனால் வெளியேற்றப்படுவோர் யாரென்று நாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்துக்கும் இழப்பீடு உண்டு, எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் உண்டு என்று அரசு விளம்பரம் செய்கிறது. நல்லது. அந்த ஜீப் கவிழ்ந்தால் முதலாளி யாரென்று நிரூபிக்க அந்தப் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது? நேற்று ஒரு தோட்டம், இன்று ஒரு தோட்டம், நாளை எதுவென்று ஜீப்காரருக்குத்தான் தெரியும். ஆகவே அரசு விளம்பரப்படுத்தும் அந்த நியமனக் கடிதத்தை நாம் கோரிக்கையாக்க வேண்டும். சட்டம் தருவதாகச் சொல்வதைக் கொடு என்று கேட்பதும் போராட்டம்தான்.

கஞ்சிக்கோட்டில் நடப்பதும் இதுவே

பாலக்காட்டுப் பக்கம் வருவோம். வாளையாறு எல்லையைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் தமிழும் மலையாளமும் ஒரே பணிமனையில் ஒலிக்கின்றன. அங்கே 2010இல் தொடங்கப்பட்ட பெமல் ஆலை, பாதுகாப்புத் துறைக்கும் ரயில்வேக்கும் கருவிகள் செய்யும் பொதுத்துறை நிறுவனத்தின் அங்கம். அந்த நிறுவனத்தின் 26 சதவீதப் பங்குகளை நிர்வாகக் கட்டுப்பாட்டோடு சேர்த்து விற்க 2016இல் ஒன்றிய அமைச்சரவைக் குழு கொள்கை ஒப்புதல் தந்தது. 2021 ஜனவரியில் வாங்குவோரிடம் விருப்ப மனுக்கள் கோரப்பட்டன. அந்த மாதமே கஞ்சிக்கோட்டுத் தொழிலாளர்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தேசபக்தியைப் பற்றி நாள்தோறும் பேசும் அரசு, படைகளுக்கு வாகனம் செய்யும் ஆலையைத் தனியாரிடம் தர முயல்கிறது. தேசத்தின் சொத்தை விற்காதே என்று கேட்கும் தொழிலாளி வெயிலில் நிற்கிறான்.

இதே கஞ்சிக்கோட்டில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வரும் என்று 2008இல் ரயில்வே நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2012இல் அடிக்கல் நாட்டினார்கள். மாநில அரசு நிலம் தந்தது. 2018இல், புதிய பெட்டித் தொழிற்சாலைக்குத் தேவையில்லை என்று ஒன்றிய அரசு கைவிரித்தது. தொழிற்சாலை அறிவிப்புக்குச் சற்று முன்தான், 2007இல், பாலக்காடு ரயில்வே கோட்டத்தைப் பிரித்துச் சேலம் கோட்டம் அமைந்தது. அப்போது எல்லையின் இருபுறமும் எவ்வளவு கொதிப்பு! கோட்டம் உனக்கா எனக்கா என்று நாம் சண்டையிட்டோம். தொழிற்சாலை எங்கே என்று டெல்லியைச் சேர்ந்து கேட்டிருந்தால் வாளையாறின் இருபுறத்து இளைஞர்களுக்கும் வேலை கிடைத்திருக்கும். காங்கிரஸ் ஆட்சி வாக்களித்து இழுத்தடித்தது, பாஜக ஆட்சி வெளிப்படையாகக் கைகழுவியது. கொள்கையில் இரண்டுக்கும் இடையே பெரிய தூரமில்லை.

கடைசிப் புகலிடமாக இருந்த ஊரக வேலை உறுதியையும் விட்டுவைக்கவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம், மகாத்மா காந்தி பெயரிலிருந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றிப் புதிய சட்டம் இயற்றியது. 100 நாள் 125 நாளாகிறது என்கிறார்கள். ஆனால் செலவில் 40 சதவீதத்தை மாநிலங்கள் ஏற்க வேண்டும். வேலை கேட்டால் தர வேண்டும் என்ற உரிமை, ஒன்றிய அரசு ஒதுக்கும் தொகைக்குள் முடங்கும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாட்கள்வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். கூலி பேசத் தொழிலாளிக்குப் பலம் கிடைப்பதே அறுவடைக் காலத்தில்தான். அந்த நேரம் பார்த்து மாற்று வேலையை நிறுத்தினால் நிலவுடைமையாளர் சொன்னதே கூலி.

பிரித்தாளும் கோடு, சேர்த்துவைத்த பாட்டு

தோழர்களே, இத்தனைத் தாக்குதலையும் எதிர்கொள்ள வேண்டிய நாம் ஒன்றாக நிற்கிறோமா? 2011 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். முல்லைப் பெரியாறு அணையைச் சொல்லிக் குமுளியில் மூண்ட பதற்றத்தில், ஏலத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சுறுத்தப்பட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிறங்கினார்கள். அந்தப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. சாலைகள் அடைபட்டன. அணையின் நீர்மட்டத்தை 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று தீர்த்தது. ஆனால் அந்த வாரங்களில் இழந்த கூலியை எந்த நீதிமன்றமும் எவருக்கும் திருப்பித் தரவில்லை. சண்டையை மூட்டியவர்களில் ஏலக்காய் எடுப்பவரும் இல்லை, கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுபவரும் இல்லை.

நமக்கு வேறொரு மரபும் உண்டு. 1956இல் தேவிகுளம், பீர்மேடு எந்த மாநிலத்துக்கு என்ற விவாதம் உச்சத்திலிருந்து முடிந்து இரண்டாண்டுகூட ஆகாத 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளர் மலையாளியான தோழர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளரில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர். அந்த மலைகளில் தமிழ்ப் பாட்டால் பரப்புரை செய்தவர் தேனிப் பகுதியின் பாவலர் வரதராஜன். ரோசம்மா வென்றார். மொழி பார்த்து வாக்குப் போட்டிருந்தால் அந்த வெற்றி இல்லை. மொழியை விட்டுக்கொடுத்துப் பெற்ற வெற்றியும் இல்லை. தமிழிலேயே பேசி, தமிழிலேயே பாடி, வர்க்கமாக வாக்களித்தார்கள். இன்று நமக்குத் தேவைப்படும் அரசியல் இதுதான்.

செய்ய வேண்டியவை

நான்கு தொகுப்புகளும் திரும்பப் பெறப்பட வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்திலும், நவம்பர் 26 எதிர்ப்பு நாளிலும் நாடு முழுவதும் தொழிலாளரும் விவசாயிகளும் இதையே முழங்கினார்கள். அந்த முழக்கத்தோடு, இந்த மலையில் நம் கைக்கு எட்டும் வேலைகளும் இருக்கின்றன.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. தோட்ட வசதிகளுக்கான விதிகளை வகுப்பது மாநில அரசு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எந்தக் கட்சி ஆண்டாலும், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடமைகளில் ஒன்றுகூடக் குறையாத பாதுகாப்பைத் தோட்டத் தொழிலாளருக்கு உறுதி செய்ய வேண்டும் என்று இரு மாநிலங்களிலும் ஒரே கோரிக்கை மனு தர வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதி லயங்களைக் கணக்கெடுக்க வேண்டும். எந்த லயம் ஓடைக்கரையில், எது சரிவின் அடியில், எதன் சுவர் வெடித்திருக்கிறது, எத்தனை குடும்பம், எத்தனை குழந்தைகள் என்று எழுதி, அடுத்த மழைக்கு முன் ஊராட்சிக்கும் தொழிலாளர் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். நாளை ஒரு லயம் சரிந்தால், இயற்கைப் பேரிடர் என்று கம்பெனி கைகழுவ முடியாதபடி, முன்பே எச்சரித்தோம் என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சியாகும்.

ஏலத் தொழிலாளரின் பெயர், அவர்கள் வேலை செய்த தோட்டம், நாள், கூலி ஆகியவற்றை நாமே பதிவு செய்யத் தொடங்க வேண்டும். இதைப் போடியிலும் கம்பத்திலும் உள்ள தோழர்களும் நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் உள்ள தோழர்களும் சேர்ந்தே செய்ய முடியும். ஜீப் புறப்படும் இடம் ஒரு மாநிலம், சேரும் இடம் இன்னொரு மாநிலம். நம் குழு இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். வாளையாறிலும் அவ்வாறே கோவைத் தோழர்களும் பாலக்காட்டுத் தோழர்களும் ஒரே மேடையில் நிற்க வேண்டும்.

இறுதியாக, 2015 கற்பித்ததை மறக்க வேண்டாம். கொழுந்து கிள்ளும் பெண் பேச்சுவார்த்தை மேசையிலும் அமர வேண்டும். சங்கத்தின் பொறுப்புகளில் அவர்கள் தலைமை வகித்தால்தான், வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிய இந்தச் சட்டத்தை மீறும் துணிவும் வலுவும் சங்கத்துக்கு வரும்.

கங்காணியின் பிடியையும் துரையின் ஆட்சியையும் முறியடித்த மலை இது. டெல்லியின் சட்டத்தையும் முறியடிப்போம். எல்லையின் இருபுறத்திலிருந்தும் ஒன்றாக மலையேறுவோம்!